மின்சாரம் தாக்கி இறப்பதற்கு ஒற்றைச் சொல் தேவையா?

வடகரப்பதி எழுத்தர்:

கேரளத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழ் பேசும் கிழக்குப் பஞ்சாயத்துகளில் ஒன்றில் இருந்துகொண்டு, மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் உள்ள ஆவணங்களைத் தமிழாக்கித் தரும் வேலையைச் செய்து வருகிறேன். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்திலிருந்து இங்கே தோப்பு வேலைக்கும் கட்டட வேலைக்கும் வருபவர்களில் யாரேனும் மின் விபத்தில் இறந்துவிட்டால், காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் தரப்படும் தாள்கள் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள குடும்பத்தினர் வாரிசுச் சான்றுக்கும் காப்பீட்டுத் தொகைக்கும் அலையும்போது அவற்றின் தமிழ் வடிவம் தேவைப்படுகிறது.

அந்தத் தாள்களில் இறப்புக்கான காரணம் என்ற கட்டத்தில் ஆங்கிலமாக இருந்தால் 'எலெக்ட்ரோக்யூஷன்' என்ற ஒற்றைச் சொல் இருக்கும். மலையாளமாக இருந்தால் 'வைத்யுதாகாதமேற்று மரணம்' என்றோ, செய்தித்தாளின் மொழியில் 'ஷோக்கேற்று மரிச்சு' என்றோ இருக்கும். நம் செய்தித்தாள்கள் 'மின்சாரம் தாக்கி உயிரிழப்பு', 'மின்சாரம் பாய்ந்து பலி' என்று எழுதுகின்றன. அவை வினையைச் சார்ந்த தொடர்களேயன்றிப் பெயர்ச்சொல் அல்ல. கட்டம் சிறியது, ஒரே சொல்லில் எழுதுங்கள் என்று கேட்பவர்கள் 'மின்னதிர்ச்சி' என்று போட்டால் போதும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மின்னதிர்ச்சி பட்டவர்களில் பெரும்பாலானோர் கையை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குள் இறப்பு இல்லை. 'மின்மரணம்', 'மின்கொலை' போன்ற ஆக்கங்களையும் இணையத்தில் பார்க்கிறேன். இவற்றில் எது தகும், அல்லது ஒற்றைச் சொல்லே வேண்டாமா என்பதை இங்குள்ளவர்கள் ஆராய்ந்து சொல்ல வேண்டுகிறேன்.

மூணாறு ஆசிரியை:

ஆங்கிலச் சொல் பிறந்த கதையை முதலில் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அந்தக் கதை தெரிந்துவிட்டால் 'மின்கொலை' என்பதை யாரும் எழுதத் துணியமாட்டார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் தூக்குக்கு மாற்றாக மின்சாரத்தைக் கொண்டு மரண தண்டனை நிறைவேற்றும் சட்டத்தை இயற்றி, அது 1889 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. புதிய தண்டனைக்குப் பெயர் வேண்டும் என்பதற்காக, மின்சாரத்தைக் குறிக்கும் 'எலெக்ட்ரோ' என்பதையும், தண்டனை நிறைவேற்றத்தைக் குறிக்கும் 'எக்சிக்யூஷன்' என்பதன் வாலையும் ஒட்டி இந்தச் சொல்லை உண்டாக்கினார்கள். எடிசன் தரப்பும் வெஸ்டிங்ஹவுஸ் தரப்பும் நேர்மின்னோட்டமா மாறுமின்னோட்டமா என்று மோதிக்கொண்டிருந்த காலம் அது. போட்டியாளரின் பெயரையே கொல்லும் வினைச்சொல்லாக்கிவிடலாம் என்ற யோசனைகூட அப்போது எழுந்ததுண்டு. 1890 ஆகஸ்டு 6 அன்று ஆபர்ன் சிறையில் வில்லியம் கெம்லர் என்பவருக்கு இந்தத் தண்டனை முதன்முறையாக நிறைவேற்றப்பட்டது. முதல் முறை பாய்ச்சிய மின்சாரத்தில் அவர் இறக்காததால் மீண்டும் பாய்ச்சினார்கள்.

ஆக, முதலில் அந்தச் சொல் விபத்தைக் குறிக்கவே இல்லை. அரசு திட்டமிட்டுச் செய்யும் கொலையை மட்டுமே குறித்தது. வீடுகளிலும் தெருக்களிலும் கம்பிகள் பெருகிய பிறகுதான் விபத்தில் இறந்தவர்களுக்கும் அது நீண்டது. இன்றைய ஆங்கில அகராதிகள் சில, சாவோடு கடுங்காயத்தையும் அதன் பொருளில் சேர்த்துக்கொள்கின்றன. மின்சார நாற்காலி ஒருநாளும் இல்லாத நம் நாட்டில், அந்தச் சொல்லின் பாதி உடம்பாகிய தண்டனை என்ற கருத்துக்கு எந்த வேலையும் இல்லை. உறுப்புக்கு உறுப்பு மொழிபெயர்த்தால் தோட்டத்தில் வாழைநார் போலக் கிடந்த கம்பியை மிதித்தவரைத் தண்டிக்கப்பட்டவராக ஆக்கிவிடுவோம்.

எங்கள் ஊருக்கு அருகே பள்ளிவாசல் என்ற இடத்தில் நீர்மின் நிலையம் 1940இல் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் இங்கே மூன்று தலைமுறைப் பழக்கம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் இன்றும் 'கரண்டு அடிச்சு இறந்துட்டாரு' என்பதுதான் வழக்கு. அடித்தது ஒன்று, இறந்தது ஒன்று என இரண்டு வினைகளும் தனித்தனியாக நிற்பதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

நகரி வாசகர்:

ஆந்திர எல்லையிலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் பக்கத்துத் தெலுங்குச் செய்திகளில் 'வித்யுதாகாதம்' என்ற சொல் உண்டு. பேச்சில் 'கரென்ட் ஷாக்' என்பார்கள். அதிலும் சாவு இல்லை, அடி மட்டுமே உண்டு; 'ம்ருதி' என்ற சொல்லைத் தனியே சேர்த்தால்தான் இறப்பு வருகிறது. மலையாளத்திலும் அப்படியே என்று எழுத்தர் தந்த எடுத்துக்காட்டைப் பார்த்தாலே விளங்குகிறது: ஆகாதம் என்பது அடி, ஏற்று என்பது பட்டு, பிறகுதான் மரணம். மாரடைப்பைக்கூட அவர்கள் 'ஹ்ருதயாகாதம்' என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே மூன்று மொழிகளும் நிகழ்வையும் விளைவையும் பிரித்தே வைத்திருக்கின்றன, ஆங்கிலம் மட்டுமே முடிச்சுப் போட்டிருக்கிறது. நாம் ஏன் அந்த முடிச்சைத் தேடிப் போக வேண்டும்?

பொள்ளாச்சி லைன்மேன், ஓய்வு:

படித்தவர்கள் பேசும் இடத்தில் கம்பத்தில் ஏறியவனும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று எழுதுகிறேன். எங்கள் வேலையில் 'அடித்தது' என்பதும் 'பிடித்தது' என்பதும் ஒன்றல்ல. தொட்ட மாத்திரத்தில் ஆளைத் தூக்கி எறிந்தால் கரண்டு அடித்தது என்போம். தொட்டவன் கையை எடுக்க முடியாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் கரண்டு பிடித்துவிட்டது என்போம். இந்த இரண்டாவதுதான் வீட்டுக் கரண்டில் ஆளைக் கொல்வது. நாம் பயன்படுத்தும் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியருக்கு மேல் கைவழியாகப் போனால் முன்கைத் தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விடவே முடியாமல் போகும். வேறு வழியே இல்லாமல் ஒன்றைத் தொட்டுப் பார்க்க நேர்ந்தால் புறங்கையால் தொடு என்று பழைய ஆட்கள் சொல்லிக்கொடுத்ததன் காரணமும் அதுவே; விரல்கள் மடங்கினால் கம்பியை விட்டு விலகும். இப்போது டெஸ்டர் இருக்கிறது, அப்படித் தொட்டுப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

'பாய்ந்து' என்ற சொல் எனக்குச் சரியாகப் படுகிறது. கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் அதன் உடம்பு வழியாகப் போக மின்சாரத்துக்குக் காரணம் இல்லை; அதே காக்கை ஒரு காலை அடுத்த கம்பியிலோ இரும்புக் கைத்தாங்கியிலோ வைத்தால் அடுத்த நொடி கீழே கிடக்கும். தாக்குவது என்றால் வெளியிலிருந்து வந்து மோதுவதாகத் தோன்றுகிறது. நடப்பது அதுவல்ல, உள்ளே நுழைந்து வெளியே போகிறது. அறுந்த கம்பி ஈர மண்ணில் கிடக்கும்போது அதைத் தொடாமலேயே மாடு விழுவதும் இதனால்தான். கம்பி விழுந்த இடத்திலிருந்து விலக விலகத் தரையின் மின்னழுத்தம் குறைந்துகொண்டே போகும். மாட்டின் முன்காலும் பின்காலும் தூரத் தூர இருப்பதால் இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு அதன் நெஞ்சு வழியாகவே கடந்துபோகும். ஓடிப்போய்க் காப்பாற்ற நினைக்கும் மனிதனும் அகலக் கால் வைத்து ஓடினால் அதே கதிதான்.

தென்மலை மருத்துவர்:

லைன்மேன் ஐயா 'பாய்ந்து' என்பதற்குத் தந்த விளக்கம், மருத்துவப் பார்வையிலும் அப்படியே பொருந்துகிறது. உடற்கூறாய்வில் நாங்கள் முதலில் தேடுவது மின்சாரம் நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும்தான். காய்ந்த தோலில் நுழைவிடம் விளிம்பு தடித்த சிறு பள்ளமாகத் தெரியலாம். ஈரத்தோலில், குளியலறையிலோ நீர் நிறைந்த வயலிலோ இறந்தவர்களிடம், எந்த அடையாளமும் இல்லாமலும் போகலாம். அப்போது சம்பவ இடத்து விவரமே சான்று.

ஆனால் இந்த விவாதத்தில் இன்னும் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. மின்சாரத்தால் ஏற்படும் சாவு ஒரே வகையானதல்ல. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரக்கையின் வழியாக உடலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிட்டால் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயும், அது இதயத்தின் கீழறைகளைத் தாளம் தப்பித் துடிதுடிக்க வைத்துச் சில நிமிடங்களில் கொல்லப் போதுமானது. இதுதான் நாம் பொதுவாக நினைக்கும் சாவு. உயரழுத்தக் கம்பியில் பட்டவர் அங்கேயே இறக்காமல், வெந்துபோன தசைகளிலிருந்து வெளிவரும் புரதம் சிறுநீரகத்தை அடைத்து, ஒரு வாரம் கழித்து மருத்துவமனையில் இறக்கலாம். இன்னொருவர் கம்பத்தின் உச்சியில் இலேசான அதிர்ச்சி பட்டு, பிடி நழுவிக் கீழே விழுந்து, தலையில் அடிபட்டு இறக்கலாம். முதலாமவருக்கு எழுதும் சொல்லை மற்ற இருவருக்கும் எழுத முடியாது. இரண்டாமவரின் சான்றில் மின் தீக்காயமும் அதன் விளைவுகளும் காரணமாக வரும். மூன்றாமவரின் சான்றில் தலைக்காயம் உடனடிக் காரணமாகவும் மின்னதிர்ச்சி அதற்கு முந்தைய காரணமாகவும் வரும். எல்லாவற்றையும் 'மின்மரணம்' என்ற ஒரே பானைக்குள் போட்டால் மருத்துவர் கவனமாகப் பிரித்து எழுதியதை மொழிபெயர்ப்பாளர் கலைத்துவிடுகிறார்.

'அதிர்ச்சி' என்ற சொல்லைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். குருதியழுத்தம் வீழ்ந்து உறுப்புகளுக்கு இரத்தம் போகாத நிலையையும் மருத்துவத்தில் 'ஷாக்' என்கிறோம். துக்கச் செய்தி கேட்டுத் தளர்வதையும் மக்கள் அதிர்ச்சி என்கிறார்கள். 'அதிர்ச்சியில் மரணம்' என்று ஒரு தாளில் கண்டால் மூன்றில் எது என்று யாருக்குத் தெரியும்?

வடகரப்பதி எழுத்தர்:

மருத்துவர் ஐயாவின் மூன்றாவது எடுத்துக்காட்டு என் கையில் இருக்கும் தாளுக்கு நெருக்கமானது என்பதால் மிகவும் உதவியது. அந்தத் தாளில் இரண்டு காரணங்களும் இரண்டு வரிகளில் உள்ளன. அவற்றை இரண்டு வரிகளாகவே தமிழாக்கப் போகிறேன்.

எல்லையில் வேலை செய்பவர்களுக்காக ஒரு கிளைக்குறிப்பு. மின்வேலியில் பட்டு யானை இறந்தால் மலையாளத்தில் 'ஷோக்கேற்று காட்டான சரிஞ்ஞு' என்று எழுதுவார்கள். யானை இறந்ததை அவர்கள் 'மரிச்சு' என்றோ 'சத்து' என்றோ சொல்லுவது மரபல்ல. 'சரிஞ்ஞு' என்பதே மரியாதையான சொல். இதைத் தமிழில் 'யானை சரிந்தது' என்று எழுதினால், தடுமாறி விழுந்து பின் எழுந்து போனது என்றே நம் வாசகர் புரிந்துகொள்வார். வனத்துறை தொடர்பான மொழிபெயர்ப்பு ஒன்றில் இப்படியே எழுதியிருந்ததைப் பார்த்தேன். வேலிக்குச் சொந்தக்காரருக்கு அதனால் ஆதாயம் கிடைத்திருக்கும், யானைக்குத்தான் ஒன்றுமில்லை.

பாலக்காடு வழக்கறிஞர்:

வேலியைப் பற்றிப் பேச்சு வந்ததால் சட்டத்தின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலிகளில் இருவகை உண்டு. சொல்லும் இருவகையாக வேண்டும். மின்கலத்திலிருந்து இயங்கும் கருவி மூலம், நொடிக்கு ஒருமுறை என்ற அளவில் மிகக் குறுகிய துடிப்பாக உயரழுத்தத்தைக் கம்பிக்கு அனுப்பும் வேலி, விலங்கை விரட்டுமேயன்றிக் கொல்லாது. கம்பத்துக் கம்பியிலோ வீட்டு இணைப்பிலோ கொக்கி போட்டு 230 வோல்ட்டை நேரே வேலிக்கம்பியில் விடுவது வேலியே அல்ல, பொறி. பன்றிக்கு வைத்த அந்தப் பொறியில் விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போனவர்கள் மாட்டிக்கொண்ட வழக்குகள் எல்லையின் இருபுறமும் உண்டு. அப்படிப்பட்ட வழக்கில் மின்திருட்டுக்கு 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவும், இறப்புக்குக் குற்றச் சட்டத்தின் கடுமையான பிரிவுகளும் சேர்ந்து வரும். இரண்டையும் 'மின்வேலி' என்ற ஒரே சொல்லால் எழுதும் செய்தி, முறையாக வேலி போட்டவரையும் பொறி வைத்தவரையும் ஒன்றாக்கிவிடுகிறது.

நீங்கள் கேட்ட சொல்லைப் பொறுத்தவரை என் கருத்து இது. 'மின்சாரம் தாக்கி' என்ற தொடரில் எழுவாய் மின்சாரம். தாக்கியது மின்சாரம் என்று எழுதிவிட்டால் கம்பியை அறுந்த நிலையில் விட்டவரும், கொக்கி போட்டவரும் வாக்கியத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள். ஆயினும் இறப்புக்கான காரணம் என்ற கட்டம் பொறுப்பைச் சுமத்தும் இடமல்ல. பொறுப்பு வேறு வழியில் தீர்மானிக்கப்படுகிறது. மின் விபத்து நடந்தால் அறிவிப்புத் தருவதையும், மின் ஆய்வாளர் விசாரிப்பதையும் மேற்படிச் சட்டத்தின் 161ஆம் பிரிவு சொல்கிறது. கேரளத்தில் அந்த மின் ஆய்வுத் துறை மின்வாரியத்தின் கீழ் இல்லாத தனித்துறை. நிவாரணம் கோரும் குடும்பத்துக்கு அந்த ஆய்வறிக்கை மிக முக்கியமான தாள்.

2002இல் உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேச மின்வாரியத்தின் மேல்முறையீட்டில் தந்த தீர்ப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். மழை பெய்து நீர் தேங்கிய சாலையில் கிடந்த மின்கம்பியின் மேல் மிதிவண்டியில் வந்தவர் ஏறி இறந்தார். வேறொருவர் திருட்டுத்தனமாக இழுத்த கம்பி அது, நாங்கள் பொறுப்பல்ல என்று வாரியம் வாதிட்டது. இவ்வளவு ஆபத்தான பொருளைக் கையாளும் அமைப்பு, தன் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிட்டாலும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே உங்கள் தமிழாக்கத்தில் 'தாக்கி' என்று இருப்பதா 'பாய்ந்து' என்று இருப்பதா என்பதால் வழக்கு தோற்றுவிடாது. ஆனால் இறப்பு என்ற சொல் விடுபட்டாலோ, மின்சாரம் என்பது மின்னல் என்று மாறினாலோ கோப்பு வேறு அலுவலகத்துக்குப் போய்விடும்.

நகரி வாசகர்:

மின்னலாக மாறுவது வெறும் கற்பனை அல்ல. தமிழில் 'மின்' என்ற சொல்லே பழங்காலம் முதல் மின்னலைக் குறித்தது; மின்சாரம் வந்தபோது அதையே எடுத்து ஒட்டிக்கொண்டோம். 'மின் தாக்கி இறந்தார்' என்று கட்டம் சிறியது என்பதற்காகச் சுருக்கினால் வானத்து மின்னலா கம்பத்து மின்சாரமா என்று தெரியாது. தெலுங்கில் இடிவிழுதலுக்குப் 'பிடுகுபாட்டு' என்று முற்றிலும் வேறான சொல் இருப்பதால் எங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

பாலக்காடு வழக்கறிஞர்:

கேரளத்தில் மின்னல் மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டிருப்பதால் அந்த இறப்புக்கான நிவாரணம் பேரிடர் நிதியிலிருந்து, வருவாய்த் துறை வழியாக வரும். மலையாளத் தாளில் 'மின்னலேற்று' அல்லது 'இடிமின்னலேற்று' என்று இருந்தால் அது வருவாய்த் துறைக்கான கோப்பு. 'வைத்யுதாகாதம்' என்று இருந்தால் மின் ஆய்வாளரின் அறிக்கையோடு சேர வேண்டியது.

பொள்ளாச்சி லைன்மேன், ஓய்வு:

இன்னொரு சொல்லும் தாறுமாறாகப் புழங்குகிறது: 'மின்கசிவு'. குடிசை எரிந்தாலும் மின்கசிவு, ஆள் இறந்தாலும் மின்கசிவு. இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடித்தால் அது குறுக்குச்சுற்று, நாங்கள் 'ஷார்ட்' என்போம். பம்பு செட்டின் உறையிலோ கிரைண்டரின் உடம்பிலோ காப்பு தேய்ந்து மின்சாரம் வெளியே வந்து நிற்பதுதான் கசிவு; அது தீயை மூட்டாமலும் ஃபியூஸைப் போக்காமலும் தொடுபவனுக்காகக் காத்திருக்கும். ஃபியூஸ் கம்பியைக் காப்பாற்றுமே தவிர ஆளைக் காப்பாற்றாது. ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டும், ஒழுங்கான எர்த்தும் வேண்டும். ஆய்வறிக்கையில் 'லீக்கேஜ்' என்று இருந்தால் கசிவு என்று எழுதுங்கள், 'ஷார்ட் சர்க்யூட்' என்று இருந்தால் கசிவு என்று எழுதாதீர்கள்.

எல்.சி. (லைன் கிளியர்) என்னும் வேலை அனுமதி வாங்கி, லைனை அணைத்துவிட்டு வேலை செய்யும்போதும் எங்கள் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டரின் மாற்றுச் சுவிட்சு சரியாக இல்லாமல், எதிர்வழியில் கரண்டு வந்து நிற்கும். அந்தச் சாவையும் 'மின்கசிவால்' என்று எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மூணாறு ஆசிரியை:

செய்தித் தலைப்பில் வரும் 'பலி' என்ற சொல்லை மட்டும் ஆவணத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைப்புக்கு இரண்டெழுத்து வசதியாக இருப்பதால் வந்த வழக்கு அது. காவுகொடுத்தல் என்ற நிழல் அதற்கு இன்னும் இருக்கிறது. 'உயிரிழப்பு', 'இறப்பு', 'மரணம்' மூன்றில் எதுவானாலும் தாழ்வில்லை.

வடகரப்பதி எழுத்தர்:

அனைவருக்கும் நன்றி. நான் எடுத்திருக்கும் முடிவை எழுதுகிறேன், மறுப்பிருந்தால் சொல்லுங்கள்.

காரணம் 'எலெக்ட்ரோக்யூஷன்' என்று மட்டும் இருக்கும் தாளில் 'உடலில் மின்சாரம் பாய்ந்ததால் ஏற்பட்ட இறப்பு' என்று எழுதுவேன். கட்டத்தில் அடங்காவிட்டால் 'மின்சாரம் பாய்ந்து இறப்பு' என்று மூன்று சொல்லாகச் சுருக்குவேன், அதற்கும் கீழே இறங்கமாட்டேன். 'மின்சாரம் தாக்கி' என்பதைத் தவறு என்று ஒதுக்கவில்லை; செய்தி வழக்கில் நிலைபெற்ற தொடர் அது, யாருக்கும் ஐயம் தராது. பிழைத்தவருக்கு 'மின்னதிர்ச்சிக்கு உள்ளானார்' என்றே எழுதுவேன்; ஆங்கிலத் தாளை எழுதியவர் தளர்வாகப் பிழைத்தவருக்கும் 'எலெக்ட்ரோக்யூஷன்' என்றே போட்டிருந்தால், மருத்துவக் குறிப்பைப் பார்த்து உறுதி செய்யாமல் 'இறப்பு' என்று மாற்றமாட்டேன். 'மின்கொலை' என்பதை எங்கும் எழுதப்போவதில்லை. அமெரிக்கச் சிறைத் தண்டனையைப் பற்றி எழுத நேர்ந்தால்கூட 'மின்சார நாற்காலியில் மரண தண்டனை' என்று எழுதினால் போதும்.

தென்மலை மருத்துவர்:

மறுப்பில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மூலத்தில் 'உயரழுத்த', 'தாழ்வழுத்த' என்ற அடை இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். மொழிபெயர்ப்பில் அது அலங்காரம் போலத் தோன்றினாலும் காயத்தின் தன்மையோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு அதுதான் முதல் தடயம்.

பாலக்காடு வழக்கறிஞர்:

ஆங்கிலச் சொல்லையும் தமிழ் எழுத்தில், மேற்கோள் குறிக்குள், தமிழாக்கத்துக்கு அடுத்தே வைத்துவிடுங்கள். மேலும், மொழிச் சிறுபான்மையினரான தமிழரும் கன்னடரும் தத்தம் பகுதி அலுவலகங்களுக்குத் தம் மொழியில் எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே சித்தூர் வட்டத்து அலுவலகத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தைக் குடும்பத்தினர் தமிழிலேயே எழுதலாம். உங்கள் தமிழாக்கத்தில் உள்ள அதே தொடரை விண்ணப்பத்திலும் எழுத வையுங்கள். இரண்டு தாள்களில் இரண்டு விதமாக இருந்தால் எழுத்தர் மேசையிலேயே கேள்வி எழும்.